எத்தனை மணிக்கு இறங்கும்

சின்ன வெள்ளை விமானம் ஆப்பிரிக்காவின் மேல் நிற்கிறது, நகரவே இல்லை, முன் இருக்கையின் முதுகில் பதித்த திரையில் அதை எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று தெரியவில்லை, அதற்குக் கீழே சேருமிடத்துக்கு இன்னும் ஒன்பது மணி பத்து நிமிடம் என்று இருந்தது, கொஞ்சம் அயர்ந்து கண்ணைத் திறந்தால் ஒன்பது மணி பதினெட்டு நிமிடம் என்று இருக்கிறது, நேரம் பின்னால் போகுமா என்று பக்கத்து இருக்கைக்காரரைக் கேட்கலாம், அவருக்கு என் பாஷை தெரியாது, எதிர்காற்றாக இருக்கும் என்று நானே சொல்லிக்கொள்கிறேன், கப்பல்காரருக்கு வாழ்க்கைப்பட்டவளுக்கு எதிர்காற்று தெரியும். ஜன்னல் மூடிகளை எல்லாம் இறக்கி உள்ளே இருட்டாக்கி வைத்திருக்கிறார்கள், எல்லோரும் தூங்குகிறார்கள், ஆனால் மூடியை ஒரு விரல் உயரம் தூக்கினால் வெளியே கண் கூசும் வெயில், துபாயில் ஏறும்போது காலை, பறந்து பறந்து இன்னும் பகல்தான், சூரியனும் நாங்களும் ஒரே பக்கமாகப் போகிறோம், அது எங்களை விட்டுவிட்டு மறைய மாட்டேன் என்கிறது, இன்றைக்குச் செவ்வாயா என்று கேட்டால் கூட என்னால் சொல்ல முடியாது, தூத்துக்குடியில் இப்போது பிரிட்டோ வேலை முடிந்து வீட்டுக்கு வந்திருப்பான், அல்லது இன்னும் கிளம்பியே இருக்க மாட்டான்.

பிரிட்டோ என் மகன், இருபத்தைந்து வயது, அவன்தான் கிளம்புவதற்கு முந்தின வாரம் போனில் பார்த்துப் பார்த்துச் சொன்னான், சென்னை ஏர்போர்ட்டிலிருந்து சிலி நாட்டு சாந்தியாகோ ஏர்போர்ட்டுக்குப் பதினாறாயிரத்து முந்நூறு கிலோமீட்டர், நேராப் பறந்தா பத்தொன்பது மணி நேரம், ஆனா நேராப் போற பிளைட்டே கிடையாதும்மா, துபாயில ஒண்ணு மாறணும், பிரேசில்ல ஒண்ணு மாறணும், மொத்தம் முப்பத்தெட்டு மணி நேரம் என்றான், செவ்வாய் விடியக் கிளம்பினால் புதன் காலை எட்டரைக்கு இறங்கிவிடுவேனாம், முப்பத்தெட்டு மணி நேரம் எப்படி இருபத்தெட்டு ஆகிறது என்று கேட்டேன், அங்க மணி நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னாடிம்மா என்றான், இவ்வளவு தூரத்தில் இருந்தால் மணியும் வேறாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன், அப்புறம் அவன் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, நீங்க எதுக்குப் போணும், அதை மட்டும் சொல்லுங்க என்றான், கேட்கப் போகிறேன் என்றேன், என்னத்தை, ஏன் வரவில்லை என்று, கேட்டு என்ன செய்யப் போறீங்க என்றான், நான் துணியை மடித்துக்கொண்டே இருந்தேன், ஒரே சேலையை மூன்று முறை மடித்தேன்.

அவனுக்கு அப்போது நாலு வயது, பஸ் ஸ்டாண்டில் அப்பாவின் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று நிற்கிறான், என் புருஷன் இன்னாசிமுத்து குனிந்து அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கிறார், எட்டு மாசந்தான், எட்டே மாசம், வந்துருவேன் என்கிறார், பையனிடம் சொல்கிறாரா என்னிடம் சொல்கிறாரா தெரியவில்லை, சரக்குக் கப்பலில் மெஷின் வேலை, அதற்கு முன்பும் நாலு முறை போய் நாலு முறையும் சொன்ன மாசத்தில் வந்தவர். அந்த முறை இரண்டு கடிதம் வந்தது, இரண்டாவதில் வயிற்று வலி என்று எழுதியிருந்தார், பிறகு ஒன்றும் இல்லை, கப்பல் கம்பெனிக்கு எழுதினோம், குடல்வால் வெடித்து வால்பரைசோ என்ற துறைமுகத்தில் இறக்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், சுகமாகி அவரே வெளியே போய்விட்டார், அதற்கு மேல் எங்களுக்குத் தெரியாது என்று பதில் வந்தது, சுகமாகி, அவரே, இந்த இரண்டு வார்த்தையையும் வைத்துக்கொண்டு நான் இருபத்தொரு வருஷம் இருந்தேன். ஆத்துமாக்கள் திருநாளுக்குக் கல்லறைத் தோட்டத்துக்குப் போவேன், அம்மாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி, அப்பாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி, மூன்றாவது ஒன்று பையில் இருக்கும், ஏற்றலாமா வேண்டாமா என்று நின்றுவிட்டு அதை அப்படியே திரும்பக் கொண்டுவருவேன், வீட்டில் கரண்ட் போகிறபோது அது செலவாகும்.

போன பிப்ரவரியில் பங்குச் சாமியார் வீட்டுக்கு வந்தார், உட்காரவில்லை, ஒரு தாளை நீட்டினார், யம்மா, இந்தக் கையைத் தெரியுதா பாருங்க என்றார், அது ஒரு போட்டோ, ஒரு முழங்கை, நரம்பு ஓடிய மெலிந்த கை, அதில் பச்சை குத்தியிருந்த என் பெயர், கல்யாணமான மூன்றாம் மாசம் மதுரையில் குத்திக்கொண்டு வந்தது, ரோமத்துக்கு நடுவில் மங்கிப்போய் இருந்தது, ஆனால் என் பெயர். போட்டோவோடு ஒரு கடிதம், கிரசியேலா என்ற பெண் எழுதியது, என்னோடு இருபது வருஷமாக இருக்கும் இக்னாசியோ பக்கவாதம் வந்து படுத்திருக்கிறார், அவர் பெட்டியில் உங்கள் கோவிலின் ஞானஸ்நானச் சீட்டு இருந்தது, அவர் கையில் எழுதியிருப்பது உங்கள் ஊர்ப் புனிதை ஒருத்தியின் பெயர் என்று எப்போதும் சொல்வார், அந்தப் புனிதையின் படம் ஒன்று அனுப்பினால் தலைமாட்டில் வைத்து ஜெபிப்பேன் என்று எழுதியிருந்தாள். சாமியார் என் முகத்தைப் பார்க்காமல் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார், நான் என்ன பதில் எழுதட்டும் என்றார், உள்ளதை எழுதுங்க சாமி என்றேன், எழுதினார், மூன்று வாரம் அவளிடமிருந்து ஒன்றும் வரவில்லை, நானாக இருந்தால் மூன்று வருஷம் ஆகியிருக்கும். பிறகு அவளே போனில் வீடியோவில் வந்தாள், நரைத்த குட்டை முடி, அழுது வீங்கிய கண், படுக்கைப் பக்கம் போனைத் திருப்பினாள், அவர் போனைப் பார்க்காமல் முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்துக்கொண்டார், ஏதோ பேசினார், தண்ணீருக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருந்தது, ஒரு வார்த்தை பிடிபடவில்லை. அவள் எழுதி அனுப்பினாள், அவருக்கு எங்கள் பாஷை முழுதும் போய்விட்டது, உங்கள் பாஷை மட்டும் இருக்கிறது, நாள் முழுக்க ஒன்றையே கேட்கிறார், நான் தண்ணீர் கொடுக்கிறேன், இல்லை என்கிறார், போர்வை கொடுக்கிறேன், இல்லை என்கிறார், அவர் என்ன கேட்கிறார் என்று தெரியாமலே அவர் போய்விடக் கூடாது, நீங்கள் வர வேண்டும்.

சாந்தியாகோவில் வெளியே வரும்போது எனக்குத் தரை ஆடுகிறது, கையில் கட்டியிருக்கும் கடிகாரம் சாயங்காலம் ஆறு என்கிறது, கண்ணாடிக்கு வெளியே காலை வெயிலும் பனி மூடிய மலையும், ஜூன் மாசத்தில் எல்லோரும் கம்பளிச் சட்டை போட்டிருக்கிறார்கள், நேற்றா இன்றா, நான் புறப்பட்டது எந்த நாள், ஒரு கணம் நான் அவரைக் கூப்பிட வந்திருக்கிறேன் என்றும் அவர்தான் கப்பல் முடிந்து இந்தக் கதவு வழியாக வரப்போகிறார் என்றும் நினைத்துத் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றேன், பின்னால் வந்தவர்கள் விலகிப் போனார்கள். அப்போதுதான் அந்த அட்டையைப் பார்த்தேன், தமிழில் என் பெயர், கையைப் பார்த்துப் பார்த்து வரைந்திருக்கிறாள், மூன்றாவது எழுத்து திரும்பி நின்றது, அதைப் பிடித்துக்கொண்டு நின்ற கிரசியேலா என்னைவிடக் குள்ளம், என்னைவிட வயசு, என்ன செய்வது என்று இருவருக்குமே தெரியவில்லை, கையைப் பிடித்தாள், அவள் கை சில்லென்றிருந்தது. போனில் எதையோ பேசி என் முன்னால் நீட்டினாள், அதிலிருந்து செய்தி வாசிக்கிற குரலில் ஒரு பெண் தமிழில் சொன்னாள், நீங்கள் புனிதர் அல்ல என்பதை நான் அறிவேன், ஆயினும் வந்ததற்கு நன்றி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, முப்பத்தெட்டு மணி நேரம் கழித்து முதல் சிரிப்பு, அவளுக்கும் வந்தது, பிறகு இருவருமே அதற்காக வெட்கப்பட்டோம்.

பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம், வால்பரைசோவில் வீடுகள் மலைமேல் ஒன்றன் தலையில் ஒன்றாக ஏறி நிற்கின்றன, தகரச் சுவர், நீலமும் மஞ்சளும் பூசியது, அவள் வீடு மேலே, மூச்சு வாங்க ஏறினோம், அறைக்குள் போனால் ஜன்னலை ஒட்டி ஒரு கட்டில், முதுகுப் பக்கத்தைத் தூக்கி நிறுத்தியிருந்தது, சரிந்து விழாமல் இருக்க இடுப்பில் அகலமான துணிப்பட்டை கட்டியிருந்தாள், அதில் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தார், ஜன்னலுக்கு வெளியே மேகமும் அதற்குக் கீழே எங்கோ ஆழத்தில் கடலும், கப்பல்கள் பொம்மை மாதிரி, கடல் சிங்கங்கள் குரைக்கிற சத்தம். அவர்தானா என்று எனக்குச் சந்தேகம் வந்தது, இருபத்தொரு வருஷமாக என்னோடு இருந்த முகம் முப்பத்தாறு வயது முகம், இந்தக் கிழவருக்கு அந்தக் காது மட்டும்தான் இருந்தது, அருகில் போனேன், கேட்க வேண்டியதை விமானத்தில் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்திருந்தேன், வாயைத் திறந்தேன், அவர் முந்திக்கொண்டார், பாதி வாய் கோணி, எச்சில் வழிய, ஆனால் தெளிவாக, யக்கா, எத்தனை மணிக்கு இறங்கும் என்றார்.

எது இறங்கும் என்றேன், பிளைட்டு, வேறென்ன, ஏறி எவ்வளவு நேரமாச்சு, கேட்டா யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்க என்றார். நான் அந்த இடுப்புப் பட்டையைப் பார்த்தேன், நிமிர்ந்த முதுகைப் பார்த்தேன், ஜன்னலைப் பார்த்தேன், கிரசியேலா தட்டில் சூப்பும் கரண்டியும் கொண்டுவந்து அவர் மடியருகே வைத்தாள், அப்போதுதான் புரிந்தது, ஐந்து மாசமாக இந்த மனுஷன் ஊருக்குப் பறந்துகொண்டிருக்கிறார், இன்னும் இறங்கவில்லை. பால்வாடியில் இருபது வருஷம் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவள் நான், எப்ப வீட்டுக்குப் போவோம் டீச்சர் என்று அழுகிற பிள்ளைக்கு மணியைச் சொல்ல வேண்டும், தெரியாது என்று மட்டும் சொல்லக் கூடாது, வாய் தானாகச் சொல்லிவிட்டது, இன்னும் எட்டு மணி நேரம் இருக்கு. எட்டா என்று மூச்சு விட்டார், தலையைச் சாய்த்துக்கொண்டார், அவர் முகம் அப்படித் தளர்ந்து தான் பார்த்ததே இல்லை என்று கிரசியேலா அப்புறம் சொன்னாள். அன்று சாயங்காலம் மறுபடி கேட்டார், ஏழு என்றேன், மறுநாள் காலை, ஏழுதான், எதிர்காற்று என்றேன், ஆமாமா, மேற்கே போனா அப்பிடித்தான் என்றார், கிழக்கே போகிறோமா மேற்கே போகிறோமா என்று எனக்கே குழம்பியது, எனக்குப் பகலில் கண் சொக்கும், சாப்பிடும் நேரத்தில் பசிக்காது, அறையிலிருந்து எழுந்து போகும்போது சுவரைப் பிடித்துக்கொள்வேன், நானும் இறங்காமல்தான் இருந்தேன் போல.

மூன்றாம் நாள் அவர் குரலைத் தாழ்த்தினார், யக்கா, உங்களுக்கு எந்த ஊரு, தூத்துக்குடி என்றேன், அப்போ ஒரு யோசனை சொல்லுங்க, இறங்கினதும் வீட்டுல கேப்பா, ஏன் வரலன்னு கேப்பா, நான் என்ன சொல்லட்டும் என்றார். என் பெயரைச் சொன்னார், என்னிடமே, அது வேறு யாருடைய பெயரோ மாதிரி இருந்தது, நல்லவ, ஆனா கேக்காம விடமாட்டா என்றார். உள்ளதைச் சொல்லுங்க என்றேன். உள்ளது என்னன்னு தெரிஞ்சா சொல்லிருவேனே என்றார், மொத மாசம் ஆஸ்பத்திரியில கிடந்தேன், எழுந்திரிச்சதும் அடுத்த கப்பல் கிடைக்கிறவரைக்கும் இருப்போம்னு இருந்தேன், மீன் இறக்குற வேலை, எழுதலாம் எழுதலாம்னு தள்ளிப் போட்டேன், அப்புறம் ஏன் எழுதலைன்னு காரணம் சொல்லணும்ல, அதைத் தேடுறதுக்குள்ள அடுத்த மாசம் வந்துரும், அதுக்கும் சேர்த்துக் காரணம் தேடணும், ஒரு வருஷம் ஆனதும் காரணமே கிடைக்கல, யக்கா, வெட்கம்தான் இருந்துச்சு, இதைப் போய் ஒரு பொம்பளைகிட்ட எப்படிச் சொல்றது. ஜன்னலுக்கு வெளியே ஒரு கப்பல் ஹாரன் அடித்தது, நான் அவருடைய போர்வையை இழுத்துவிட்டேன், இழுத்துவிட்டு மறுபடி இழுத்தேன், இவ்வளவுதானா, இதற்காகவா பதினாறாயிரம் கிலோமீட்டர், கோபம் வரும் என்று காத்திருந்தேன், அது வழியிலேயே எங்கோ தங்கிவிட்டது.

அப்புறம் அவர் இன்னொன்று கேட்டார், அதைத்தான் நான் ஒரு நாள் முழுக்க மறைத்தேன், சாப்பாடு குடுக்கிற அந்தப் பொம்பளை தங்கமானவ, யக்கா, அவளும் நம்ம ஊர்லதான் இறங்குறாளா, கேட்டுச் சொல்லுங்க, அவ இறங்கலைன்னா நானும் யோசிக்கணும் என்றார். கிரசியேலா கதவருகே நின்றிருந்தாள், போனை நீட்டினாள், என்ன சொல்கிறார் என்று போன் கேட்டது, தண்ணீர் கேட்கிறார் என்றேன். தண்ணீர் கொண்டுவந்தாள், அவர் தலையைத் திருப்பிக்கொண்டார், அவள் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள், நான் பொய் சொன்னது தெரிந்துவிட்டது அவளுக்கு. இருபது வருஷம் அவருக்குச் சோறு போட்டவள், அவருக்காகப் பெயர் தெரியாத ஒரு புனிதையிடம் ஜெபித்தவள், அந்தப் புனிதை நான், ஒரு சின்ன வார்த்தையைக் கூட விட்டுக்கொடுக்க முடியாதவள். மறுநாள் மாலைத் தேநீருக்கு ரொட்டியும் வெண்ணெயும் வைத்தபோது போனை நானே எடுத்தேன், அதற்குப் புரிய வேண்டும் என்று பாடப்புத்தகம் மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னேன், அவர் விமானத்தில் இருப்பதாக நினைக்கிறார், எப்போது இறங்கும் என்பதுதான் ஐந்து மாதமாக அவர் கேட்ட கேள்வி, நேற்று அவர் தண்ணீர் கேட்கவில்லை, நீங்கள் இறங்கவில்லை என்றால் தானும் இறங்குவதைப் பற்றி யோசிக்க வேண்டும் என்றார். போன் அவள் பாஷையில் சொல்லி முடிக்கும்வரை நான் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தேன், அவள் கத்தியைக் கீழே வைத்தாள், எழுந்து சமையலறைக்குப் போனாள், குழாயைத் திறந்துவிட்டு நெடுநேரம் நின்றாள், திரும்பி வந்து என் ரொட்டியில் அவளே வெண்ணெய் தடவிக் கொடுத்தாள், அவரிடம் சொல்லுங்கள், நானும் அங்கேதான் இறங்குகிறேன் என்றாள். சொன்னேன், அப்பச் சரி என்றார்.

பிரிட்டோ தினமும் கூப்பிட்டான், அவன் காலை வேலைக்குக் கிளம்பும்போது எனக்கு முந்தின நாளாக இருக்கும், கேட்டீங்களா என்றான், கேட்கவே வேண்டியிருக்கவில்லை என்றேன், என்ன சொன்னாங்க, அவருக்கே தெரியலயாம்டா என்றேன், அந்தப் பக்கம் பைக் ஒன்று போகிற சத்தம் கேட்டது, சாப்பிட முடியுதா அவங்களால என்று கேட்டான், அவன் அவரைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி அதுதான், சூப் குடிக்கிறார் என்றேன், சரி என்றான், வைத்துவிட்டான்.

பதினொன்றாம் நாள் காலை அவர் போய்விட்டார், கிரசியேலா ரொட்டி வாங்க இறங்கியிருந்தாள், நான்தான் இருந்தேன், அவள் வந்ததும் நான்தான் சொன்னேன், அதற்குப் போன் தேவைப்படவில்லை, அந்த மலையிலேயே கடலைப் பார்த்த கல்லறைத் தோட்டத்தில் வைத்தோம், கல்லில் இக்னாசியோ என்று போடுவதா இன்னாசிமுத்து என்று போடுவதா என்று அவள் கேட்டாள், இரண்டும் ஒரே பெயர்தான் என்று சொல்ல எனக்கு அன்றுதான் தோன்றியது, இரண்டையும் போட்டோம். ஆனால் அதெல்லாம் எந்த நாள், எது முன்னால் எது பின்னால் என்று என்னிடம் கேட்டால் நான் குழம்பிவிடுவேன், எனக்குத் தெளிவாக இருப்பது அதற்கு முந்தின நாள் சாயங்காலம் மட்டும்தான், மழை விட்டிருந்தது, அவருக்கு மூச்சு இழுத்து இழுத்து வந்தது, நான் மூன்று மணி நேரத்தில் நிறுத்தி வைத்திருந்தேன், மூன்று, மூன்று என்று நாலு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தேன், அதற்குக் கீழே போக எனக்குப் பயம். எத்தனை மணிக்கு இறங்கும் என்று அவர் உதட்டை அசைத்தார், சத்தம் வரவில்லை, நான் கிரசியேலாவைப் பார்த்தேன், இடுப்புப் பட்டையைக் காட்டினேன், அவள் புரிந்துகொண்டாள், முடிச்சை அவிழ்த்தாள், இறங்கியாச்சு என்றேன்.

அவர் கண்ணைத் திறந்தார், பட்டை இருந்த இடத்தை நல்ல கையால் தடவிப் பார்த்தார், கிரசியேலா அவர் காலுக்குக் காலுறை மாட்டிக்கொண்டிருந்தாள், அவளைப் பார்த்துத் தலையசைத்தார், பிறகு என்னைப் பார்த்தார், பத்து நாளாக யக்கா என்று பார்த்த பார்வை இல்லை, நெற்றியைச் சுருக்கி, தூரத்தில் கூட்டத்துக்குள் யாரையோ தேடுகிறவர் மாதிரி பார்த்து, தேடியது கிடைத்ததும் பாதி வாயால் சிரித்தார். ஏட்டி, கறுத்துப் போயிட்டியே என்றார். நான் அவர் கையைப் பிடித்தேன், என் பெயர் என் விரலுக்குக் கீழே இருந்தது, ரொம்ப நேரமாக் காத்துக்கிட்டு இருந்தியா என்றார். இல்லை, இப்போதான் வந்தேன் என்றேன்.